தவக்காலத்த முதல்முறையா இருக்கப் போறீங்களா? நாள் குறிக்கிறதுல இருந்து பாஸ்கா ராத்திரி வரைக்கும், வரிசையா

தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி கிறிஸ்தவங்க இருக்கற 40 நாள் நோன்புக் காலம், கிட்ட வந்தா எல்லாரும் கேக்கற மொத கேள்வி, "இந்த வருஷம் எதை விடலாம்?" நானும் அங்க தான் ஆரம்பிச்சேன். அந்த வருஷம் காபி, ஸ்வீட், இறைச்சி, மொபைல்ல வீடியோ பாக்கறது எல்லாத்தையும் ஒரே புதன்கிழமைல விட்டேன், ஒன்பதாவது நாள் மண்டையப் பிளக்கற தலைவலியோட வீட்ல இருக்க அத்தன பேர் மேலயும் எரிஞ்சு விழுந்தேன், பத்தாவது நாள் காலைல அடுத்தடுத்து ரெண்டு கப் காபி குடிச்சிட்டு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு மொத்தமா கை கழுவிட்டேன்.

அப்புறம் சில வருஷமா ஞானஸ்நானத்துக்குத் தயாராகறவங்களோட உக்காந்து பேசற வேலை எனக்குக் கெடச்சுது. அவங்களும் கரெக்டா அதே இடத்துல தான் தடுக்கி விழறாங்க. கேள்வில தப்பில்ல, அத மொதல்ல கேக்கறது தான் தப்பு. அது மூணாவதா வர வேண்டிய கேள்வி. அதனால இங்க வரிசைக்குத் தான் ரொம்ப முக்கியத்துவம் குடுத்திருக்கேன், படிக்கறப்போ நடுவுல குதிக்காதீங்க.

1. மொதல்ல காலண்டர எடுங்க, ஈஸ்டர்ல இருந்து பின்னாடி எண்ணுங்க

தவக்காலம் எங்க போய் முடியுதுன்னு தெரியாம ஆரம்பிச்சா ரெண்டாவது வாரத்துலயே சலிப்பு தட்டும். அதனால மொதல்ல ஈஸ்டர் தேதியக் குறிங்க. மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற பௌர்ணமிய அடுத்த ஞாயிறு தான் ஈஸ்டர் (இந்தப் பௌர்ணமி சபையோட கணக்குப்படி வர்றது, வானத்துல பாக்கற நிலாவுக்கும் இதுக்கும் சில சமயம் ஒரு நாள் முன்ன பின்ன இருக்கும்). அதனால ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னாடி வராது, ஏப்ரல் 25க்குப் பின்னாடியும் வராது.

அங்கேருந்து 46 நாள் பின்னாடி போனா சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பிக்கற நாள். திருநீற்றுப் புதன், விபூதிப் புதன் எல்லாம் இதே நாள் தான், பேர் மட்டும் வேற வேற. 2027ல ஈஸ்டர் மார்ச் 28, அப்போ சாம்பல் புதன் பிப்ரவரி 10. 2028ல ஈஸ்டர் ஏப்ரல் 16, சாம்பல் புதன் மார்ச் 1.

"40 நாள்னு சொல்லிட்டு 46 எப்படி வருது?"ன்னு யாராச்சும் கேப்பாங்க, கேக்காம இருந்ததே இல்ல. நடுவுல வர்ற ஆறு ஞாயிற நோன்புக் கணக்குல சேக்கறதில்ல, ஏன்னா எந்த ஞாயிறா இருந்தாலும் அது உயிர்ப்போட நாள். 46ல ஆற கழிச்சா 40. இயேசு பாலைவனத்துல இருந்த 40 நாள், மோசே மலை மேல இருந்த 40 நாள், எலியா ஓரேபு வரைக்கும் நடந்த 40 நாள், இதெல்லாம் தான் இந்த எண்ணுக்குப் பின்னாடி இருக்கு. வழிபாட்டு ஒழுங்குப்படி பாத்தா தவக்காலம் பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்) சாயங்காலப் பூசைக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதுக்கு மேல வர்றது பாஸ்காவோட, அதாவது இயேசுவோட சாவையும் உயிர்ப்பையும் கொண்டாடற, மூணு நாள், அது தனி. இந்தக் கணக்க வெச்சு சண்டை போட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.

கீழைத் திருச்சபைகள்ல கணக்கே வேற. பைசாந்திய வழக்கத்துல (கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளோட வழக்கம்) சாம்பல் புதனே கிடையாது, திங்கக்கிழமை ஆரம்பிச்சு 40 நாள தொடர்ச்சியா எண்ணுவாங்க. ஆர்த்தடாக்ஸ் சபைகளோட ஈஸ்டர் தேதியும் பல வருஷம் வேற நாள்ல வரும், 2027ல அது மே 2. அதனால ஏதோ ஒரு ஆப்ல வந்த தேதிய அப்படியே எடுத்துக்காம உங்க சபையோட காலண்டரப் பாருங்க.

2. கையில இருக்க வேண்டியது

பெருசா ஒண்ணுமில்ல. ஒரு பைபிள். தினசரி வாசகப் பட்டியல், கோயில்ல குடுக்கற காலண்டர்லயே இருக்கும். ஒரு சின்ன நோட்டு. மூடி போட்ட ஒரு டப்பா, மேல ஒரு ஓட்டை.

நோட்டுக்குப் பதிலா போன்ல எழுதிக்கறேன்னு சொல்றவங்க இருக்காங்க. வேணாம். ஜெபிக்கறதுக்குன்னு போன எடுத்து, மேல வந்த ஒரு மெசேஜப் பாத்து, அரை மணி நேரம் கழிச்சு "நான் எதுக்கு இத எடுத்தேன்"னு யோசிச்சிருக்கேன். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல.

சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னாடியே இதெல்லாம் ரெடியா இருக்கணும். செவ்வாய்க்கிழமை ராத்திரி அவசரமா எடுக்கற முடிவு எப்பவுமே பேராசையா தான் இருக்கும், வயிறு நெறஞ்சிருக்கறப்போ எல்லா நோன்பும் சுலபமாத் தான் தெரியும்.

உடம்புக்கு எதாவது இருந்தா, சுகர், கர்ப்பம், பால் குடுக்கற அம்மா, தினமும் மாத்திரை போடறவங்க, டாக்டர்கிட்ட இப்பவே பேசிடுங்க. நோயாளிங்க பட்டினி கெடக்கணும்னு சபை கேக்கவே இல்ல. "நான் சமாளிச்சுக்கறேன்"னு மயங்கி விழறது பக்தியில சேராது.

3. எது கட்டாயம், எது நம்ம விருப்பம், ரெண்டையும் பிரிச்சுக்கங்க

இத ஏன் தனியா சொல்றேன்னா, புதுசா வர்றவங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்குவாங்க. ஸ்வீட் சாப்பிட்டுட்டேன், பாவம் பண்ணிட்டேன்னு அழுதவங்களப் பாத்திருக்கேன், அதே ஆள் பெரிய வெள்ளி அன்னைக்கு மூணு வேளையும் ஃபுல்லா சாப்பிட்டுட்டு ஒண்ணுமே தெரியாம உக்காந்திருந்ததையும் பாத்திருக்கேன்.

கத்தோலிக்கர்களுக்கு ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும். ரெண்டும் பழைய வார்த்தை, வீட்ல பெரியவங்க இருந்தா அவங்க வாயில கேட்டிருப்பீங்க.

சுத்தபோசனம்னா இறைச்சி சாப்பிடாம இருக்கறது. சாம்பல் புதனும் வருஷத்துல வர்ற எல்லா வெள்ளியும் இதுல வரும். 14 வயசு முடிஞ்சவங்க எல்லாருக்கும் உண்டு, மேல வயசு வரம்பு கிடையாது. மீன், முட்டை, பால் இதுக்கெல்லாம் தடை இல்ல.

ஒருசந்தின்னா ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. மத்த ரெண்டு வேளை கொஞ்சமா எடுத்துக்கலாம், ஆனா அந்த ரெண்டையும் சேத்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. இது வருஷத்துலயே ரெண்டு நாள் தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயசு முடிஞ்சதுல இருந்து 59 முடியற வரைக்கும். தண்ணியும் மருந்தும் இதுல கணக்கே இல்ல.

அவ்ளோ தான் கட்டாயம். 1983ல வந்த திருச்சபைச் சட்டத்துல 1249ல இருந்து 1253 வரைக்கும் இருக்கற பகுதி இதச் சொல்லுது. அதோட, ஆயர் பேரவைங்க (ஒரு நாட்டு பிஷப்புங்க சேந்த அமைப்பு) இதுல சிலத மாத்தி வெக்கலாம்னும் அங்கயே இருக்கு, அதனால உங்க மறைமாவட்டத்துல என்ன வழக்கம்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இன்னொரு விஷயம், வெள்ளிக்கிழமைல பெருவிழா (சபையோட ரொம்ப உயர்ந்த திருநாள்) வந்தா அன்னைக்கு சுத்தபோசனம் கட்டாயமில்ல. 2027ல மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா, வெள்ளில தான் வருது.

சீர்திருத்த சபைகள்ல, லெந்து நாட்கள்னு சொல்றவங்க, இந்த மாதிரி சாப்பாட்டுச் சட்டம் பொதுவா கிடையாது, அவங்கவங்க மனசாட்சிப்படி. லெந்தே அனுசரிக்காத சபைகளும் நிறைய. ஆர்த்தடாக்ஸ் நோன்பு ரொம்பக் கடுமை: இறைச்சி, முட்டை, பால் பொருள் எல்லாம் முழுசா நிறுத்திடுவாங்க, பெரும்பாலான நாள் மீனும் கிடையாது. அவங்க தட்டப் பாத்து நீங்க காப்பியடிக்காதீங்க. அது சின்ன வயசுல இருந்து பழகினது, கூடவே மொத்த சமூகமும் சேந்து இருக்கறது. தனியா ஒரு ஆள் அத முதல் வருஷமே முயற்சி பண்ணா நான் ஒன்பதாவது நாள் போய் நின்ன இடத்துக்குத் தான் போவாங்க.

4. முடிவெடுக்கற வரிசை: ஜெபம், தர்மம், அப்புறம் தான் விடறது

இந்தப் பகுதில நின்னு நிதானமாப் படிங்க. மத்ததெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல.

சாம்பல் புதன் அன்னைக்கு பூசைல வாசிக்கற நற்செய்தி மத்தேயு 6வது அதிகாரம். அதுல மூணு விஷயம் வருது: தர்மம் செய்யறது, ஜெபம் பண்றது, நோன்பு இருக்கறது. மூணாவது கால் இல்லாம ஸ்டூல் நிக்காது. ஆனா நம்ம ஆளுங்க நோன்ப மட்டும் எடுத்துட்டு மத்த ரெண்டையும் அங்கயே விட்டுட்டு வந்துடுவாங்க, அப்போ அது வெறும் டயட். டயட் நல்லது தான், அதுக்கு எதுக்கு 40 நாள் கணக்கும் சாம்பலும்?

மொத கேள்வி: எந்த நேரத்துல ஜெபிக்கப் போறீங்க? "நிறைய ஜெபிப்பேன்"னு எழுதாதீங்க. நேரம், இடம், எவ்ளோ நிமிஷம், எதை வெச்சு, இந்த நாலும் வேணும். முதல் வருஷத்துக்கு 15 நிமிஷம் தாராளம். அன்னைக்கு உள்ள நற்செய்திய ரெண்டு தடவ மெதுவா வாசிக்கறது, மனசுல நிக்கற ஒரு வரிய எடுத்து அத வெச்சே கடவுள்கிட்ட பேசறது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கறது. சும்மா இருக்கற அந்த மூணு நிமிஷம் தான் கஷ்டமான பகுதி, சொல்லிட்டேன்.

ரெண்டாவது கேள்வி: யாருக்குக் குடுக்கப் போறீங்க? தொகை அப்புறம். மொதல்ல ஆள், இல்லன்னா இடம். முகம் தெரிஞ்சா டப்பால போடறப்போ கை தயங்காது, முகம் தெரியலன்னா மூணாவது வாரத்துல டப்பாவே ஞாபகத்துக்கு வராது. காசு இல்லாதவங்க நேரத்தக் குடுங்க, யாரும் போய்ப் பாக்காத ஒருத்தர வாரத்துக்கு ஒரு தடவ போய்ப் பாத்து ஒரு மணி நேரம் அவங்க சொல்றதக் கேளுங்க.

இப்போ தான் மூணாவது கேள்வி. ஜெபத்துக்கு நேரம் வேணும், அந்த நேரத்த எது தின்னுது? தர்மத்துக்கு காசு வேணும், அது எங்க போகுது? பதில் கெடச்சா எதை விடணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அதுவே வந்து முன்னாடி நிக்கும்.

ஒரு உதாரணம். ஒருத்தருக்கு காலைல ஆறேகாலுக்கு ஜெபிக்கணும்னு ஆசை. முடியல, எழுந்திரிக்கறதே ஏழு மணிக்கு. ஏன்? ராத்திரி பன்னெண்டரை வரைக்கும் போன். அவர் முதல்ல என்ன விடறதா எழுதி வெச்சிருந்தார் தெரியுமா, ஐஸ்கிரீம். மாசத்துக்கு ஒரு தடவ சாப்பிடறத விட்டுட்டு அதுக்கு நோன்புன்னு பேர். உக்காந்து பேசின அப்புறம் அவர் நோட்டுல இருந்தது மூணே வரி:

காலை 6.15, ஜன்னல் பக்க நாற்காலி, 15 நிமிஷம், அன்னைக்கு நற்செய்தி.
வெள்ளி மதியம் வெளில சாப்பிடறதில்ல, அந்தக் காசு டப்பாவுக்கு.
ராத்திரி பத்துக்கு மேல போன் ஹால்லயே இருக்கும்.

பாருங்க, மூணும் ஒண்ணுக்கு ஒண்ணு முடிச்சு போட்டிருக்கு. போன விட்டதால தூக்கம், தூக்கத்தால காலை ஜெபம். சாப்பாட்டக் கொறச்சதால டப்பா நெறையுது. ஒரு வரிய எடுத்தா இன்னொண்ணு ஆடும். சாம்பல் புதன் வாரத்து வெள்ளியில வாசிக்கற ஏசாயா 58ம் இதத் தான் சொல்லுது, நோன்பு இருக்கற அதே நாள்ல வேலைக்காரன ஒடுக்கறீங்களே, பசிச்சவனோட உங்க உணவப் பகிர்ந்துக்கறது தான நோன்புன்னு.

மூணு வரிக்கு மேல எழுதாதீங்க. நாலாவது வரி வந்தாலே நீங்க யாருக்கோ காட்டறதுக்கு எழுதறீங்கன்னு அர்த்தம் (நான் எழுதினது பதினொண்ணு). கெட்ட பழக்கத்த விடறத நோன்புக் கணக்குல வெக்கலாமான்னும் கேப்பாங்க. பொய் சொல்ல மாட்டேன், கோபப்பட மாட்டேன்னு. அது 365 நாளும் செய்ய வேண்டியது. நோன்புன்னா நல்லதா இருக்கற ஒண்ண, உரிமையோட அனுபவிக்கற ஒண்ண, கொஞ்ச நாளைக்கு விட்டுக்குடுக்கறது.

5. சாம்பல் புதன் அன்னைக்கு

முந்தின வருஷம் மந்திரிச்சுக் குடுத்த குருத்தோலைய எரிச்சுத் தான் வழக்கமா இந்தச் சாம்பல எடுப்பாங்க. "மனம் மாறி நற்செய்திய நம்பு"ன்னோ, "நீ மண், மண்ணுக்குத் திரும்புவ"ன்னோ சொல்லி நெத்தில சிலுவை போடுவாங்க, இல்ல உச்சந்தலைல தூவுவாங்க. ரெண்டும் சரி தான்.

ஞானஸ்நானம் வாங்காதவங்களும் சாம்பல் வாங்கலாம், தைரியமா வரிசைல நில்லுங்க. நன்மை (பூசைல குடுக்கற நற்கருணை அப்பம்) வாங்கறது தான் வேற, அதுக்கு ஞானஸ்நானமும் தயாரிப்பும் வேணும். இத யாரும் சொல்லாததால சாம்பலுக்கே வராம கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தவங்கள எனக்குத் தெரியும்.

இது கடன் திருநாள் இல்ல, அதாவது பூசைக்குப் போயே ஆகணும்னு சட்டம் இல்ல. போக முடியலன்னா நோன்பும் சுத்தபோசனமும் மட்டும் கட்டாயம். நெத்திச் சாம்பலத் துடைக்கலாமா கூடாதான்னு ஒரு பட்டிமன்றம் வருஷா வருஷம் நடக்கும். எந்த விதியும் கிடையாது. அன்னைக்கு வாசிக்கற நற்செய்தியே நோன்பு இருந்தா தலைக்கு எண்ணெய் வெச்சு முகத்தக் கழுவுன்னு சொல்லுது, அதக் கேட்டு முடிச்ச கையோட நெத்தில சாம்பலோட வெளில போறோம். இந்த முரண் எனக்கு இன்னும் புடிக்கும். ஆனா சாம்பலோட செல்ஃபி மட்டும் எடுக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

6. முதல் பத்து நாள்

முதல் மூணு நாள் உற்சாகம் தாங்கும். அஞ்சாவது நாள்ல இருந்து எட்டாவது நாள் வரைக்கும் தான் பாத்து நடக்கணும். மறந்து போய் ஒரு நாள் விட்டுடுவீங்க, இல்ல விருந்தாளி வந்திருப்பாங்க, இல்ல சும்மா ஆசைல சாப்பிட்டிருப்பீங்க.

அன்னைக்கு என்ன பண்ணணும்னா, ஞாபகம் வந்த அதே நிமிஷத்துல திரும்ப ஆரம்பிக்கணும், அவ்ளோ தான். நாளைக்கு டபுளா இருக்கேன்னு தண்டனை போட்டுக்காதீங்க. டபுள் நாள்ல பாதிலயே ஒடஞ்சிடும், அப்புறம் மொத்தமும் போயிடும். நோட்டுல விட்ட நாளுக்கு ஒரு சின்ன கோடு போடுங்க, காரணம் எழுதாதீங்க. பத்து நாள் கழிச்சுப் பாத்தா கோடெல்லாம் ஒரே கிழமைலயோ ஒரே நேரத்துலயோ இருக்கும். அங்க எதாவது மாத்தணும்.

வெளில சாப்பிடக் கூப்பிட்டாங்கன்னா? அன்னைக்கு ஒருசந்தியோ சுத்தபோசனமோ இல்லன்னா, கட்டாயமில்லாத உங்க நோன்புக்காகக் கூப்பிட்டவங்கள சங்கடப்படுத்தாதீங்க. போடறத அமைதியா சாப்பிட்டு வந்து மறுநாள் தொடருங்க. நோன்ப அறிவிக்கறதுக்கு ஸ்பீக்கர் தேவையில்ல.

பத்தாவது நாள் உக்காந்து ஒரு தடவ திருத்தலாம். 15 நிமிஷம் முடியலன்னா பத்து ஆக்குங்க. திருத்தறது தோல்வி இல்ல. ஆனா ஒரே தடவ தான், தினமும் திருத்தினா அது பேரம்.

7. ஞாயிறு

ஞாயிறு அன்னைக்கு விட்டத சாப்பிடலாமா? சபைச் சட்டப்படி ஞாயிறு நோன்பு நாள் இல்ல, அதனால தளத்திக்கலாம். ஆனா இது நீங்களா எடுத்துக்கிட்ட முடிவு, அதனால ஆரம்பத்துலயே நோட்டுல எழுதிடுங்க, ஞாயிறு உண்டா இல்லையான்னு. சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு பன்னெண்டு அடிக்கறதுக்காக ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு முடிவு பண்ணக் கூடாது. என் அபிப்பிராயம், சாப்பாட்ட ஞாயிறு தளத்துங்க, போன் விஷயத்த தளத்தாதீங்க. ஒரு ஞாயிறு கைல எடுத்தா திங்கக்கிழமை கீழ வெக்க முடியாது.

கோயில்ல கண்ணு, காது ரெண்டுக்கும் நோன்பு இருக்கும், கவனிங்க. அல்லேலூயா முழுசா நின்னுடும், ஞாயிறுகள்ல உன்னதங்களிலே கீதம் கிடையாது, பீடத்துல பூ இருக்காது, உடை ஊதா. நாலாவது ஞாயிறு மட்டும் கொஞ்சம் இறுக்கம் கொறயும், சில இடத்துல ரோஸ் கலர் உடை கூட பாக்கலாம். பாதி தாண்டியாச்சுன்னு மூச்சு விட்டுக்கற நாள்.

முதல் ஞாயிறு எல்லா வருஷமும் இயேசுவோட பாலைவனச் சோதனை, ரெண்டாவது ஞாயிறு மலை மேல உருமாற்றம். அதுக்கப்புறம் ஞானஸ்நானத்துக்குத் தயாராகறவங்க இருக்கற பங்குகள்ல (ஒரு கோயிலச் சேந்த சமூகம் தான் பங்கு) சமாரியப் பெண், பார்வையற்றவர், லாசர்னு யோவான் நற்செய்தில இருந்து மூணு நீளமான வாசகம் வரும். தண்ணி, ஒளி, உயிர். பாஸ்கா ராத்திரில வரப் போறது மூணும் இங்கயே காட்டிடறாங்க.

8. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை

இயேசு சிலுவைய சுமந்து போன வழிய நினைச்சு ஜெபிக்கறது, 14 நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சின்ன வாசகம், ஒரு செபம், முழங்கால் போடறது, நடக்கறது. கூட்டமா இருந்தா நடக்க இடம் இருக்காது, நின்ன இடத்துலயே திரும்பிக்கலாம்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரே டிப்ஸ்: 14லயும் உருகணும்னு நினைக்காதீங்க. ஒரு வாரத்துக்கு ஒரு நிலைய மட்டும் எடுத்து வெச்சுக்கங்க. எனக்கு எப்பவும் அஞ்சாவது, சீரேனே ஊர் சீமோன். அவர் பக்தியில வந்தவர் இல்ல, வழில போனவரப் புடிச்சு இழுத்து சிலுவைய தோள்ல வெச்சாங்க. நான் தவக்காலத்துல செஞ்ச உருப்படியான காரியம் பாதிக்கு மேல அப்படித் தான், யாரோ புடிச்சு இழுத்து.

9. பாவசங்கீர்த்தனம், பெரிய வாரம் வரைக்கும் தள்ளாதீங்க

ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்கறது தான் பாவசங்கீர்த்தனம். நாலாவது வாரத்துலயே போயிடுங்க. பெரிய வாரத்துல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின வாரத்துல, வரிசை நீளம், ஃபாதர் களைப்பா இருப்பார், பின்னாடி இருபது பேர் நிக்கறாங்கன்ற பயத்துல நீங்களும் சொல்ல வந்தத முழுங்கிடுவீங்க.

போறதுக்கு முந்தின ராத்திரி பத்து நிமிஷம் ஆத்தும சோதனை. கட்டளை வரிசைல போகலாம், இல்லன்னா கடவுள், வீடு, வேலை, நான்னு நாலாப் பிரிச்சுக்கலாம். உள்ள போனதும் கடைசியா எப்போ பாவசங்கீர்த்தனம் பண்ணீங்கன்னு சொல்லுங்க, "பத்து வருஷம் ஆச்சு ஃபாதர், எப்படின்னு மறந்துடுச்சு"ன்னு அப்படியே சொல்லலாம், அவர் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவார். கனமான பாவம்னா என்ன, எத்தன தடவன்னு சொல்லணும். கதை வேண்டாம். முக்கியமா மாமியார், மேனேஜர் பாவத்த எல்லாம் நீங்க அறிக்கை பண்ணாதீங்க, அவங்க வந்து சொல்லிக்கட்டும்.

அவர் குடுக்கற அபராதத்த அன்னைக்கே முடிச்சிடுங்க, தள்ளினா மறந்துடும். ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு இந்த அருட்சாதனம் இன்னும் இல்ல, ஆனா ஃபாதர்கிட்ட போய் மனசு விட்டுப் பேச யாரும் தடுக்கறதில்ல.

பைசாந்திய சபைகள்ல தவக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின ஞாயிறு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் நேருக்கு நேர் மன்னிப்பு கேப்பாங்க, அதுக்கப்புறம் தான் நோன்பே. எந்த சபைல இருந்தாலும் இத எடுத்துக்கலாம். யார்கிட்ட பேசாம இருக்கீங்களோ அந்த ஒருத்தருக்கு பெரிய வாரத்துக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க. அவங்க எடுக்கலன்னாலும் சரி.

10. பெரிய வாரம்

இங்க ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க. 40 நாள் இருந்துட்டு, பெரிய வெள்ளிக்கு மட்டும் வந்து அழுதுட்டு, சனி ராத்திரி டயர்டா இருக்குன்னு தூங்கிட்டு, ஞாயிறு மத்தியானம் விருந்து. ஊருக்குக் கெளம்பி, ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு, ரயில் வர்ற நேரத்துல வீட்டுக்குத் திரும்பின கதை. அதனால இந்த வாரத்துக்கு லீவு வேணும்னா தவக்காலம் ஆரம்பிச்ச அன்னைக்கே சொல்லி வெச்சிடுங்க.

குருத்து ஞாயிறு: ஓசன்னா பாடி பவனியா உள்ள போவோம், கொஞ்ச நேரத்துலயே பாடுகளின் வாசகத்துல "சிலுவைல அறையும்"னு கத்தற கூட்டமும் நாம தான். வாசகம் நீளம், ரொம்ப நேரம் நிக்கணும், முடியாதவங்க உக்காந்துக்கலாம்.

பெரிய வியாழன்: புதன் ராத்திரியே டப்பாவத் திறந்து எண்ணி வெச்சிடுங்க. வியாழன் சாயங்காலப் பூசைல ஏழைங்களுக்கான காணிக்கைய அப்ப ரசத்தோட சேத்து பீடத்துக்குக் கொண்டு போகறதுக்கு வழிபாட்டு ஒழுங்குலயே இடம் இருக்கு, உங்க பங்குல அப்படி இல்லன்னா நேரா சேர வேண்டியவங்களுக்குக் குடுத்துடுங்க. உன்னதங்களிலே பாடறப்போ மணி அடிக்கும், அப்புறம் பாஸ்கா ராத்திரி வரைக்கும் மணி ஓசையே கிடையாது. பாதம் கழுவறது நடக்கும். கடைசில ஆசீர் இல்லாமலே முடியும், நற்கருணைய வேற இடத்துக்குக் கொண்டு போய், பீடத்து மேல இருக்க துணி கூட எடுத்துடுவாங்க. புதுசா வந்தவங்க "முடிஞ்சுதா? கெளம்பலாமா?"ன்னு சுத்திமுத்தி பாப்பாங்க. கெளம்பாதீங்க. ஒரு மணி நேரம் அமைதியா உக்காருங்க.

பெரிய வெள்ளி: ஒருசந்தி, சுத்தபோசனம் ரெண்டும். பூசை கிடையாது, வருஷத்துல அன்னைக்கு பூசை வெக்கறதே இல்ல, வியாழன் அன்னைக்கு எடுத்து வெச்ச நற்கருணை தான் குடுப்பாங்க. ஆரம்பத்துல ஃபாதர் ஒண்ணும் பேசாம பீடத்து முன்னாடி தரைல குப்புற விழுந்து கெடப்பார். நான் பக்கத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போன ஒரு பையன், நெசமாவே மயங்கிட்டார்னு நெனச்சு எழுந்து ஓடப் பாத்தான், சட்டையப் புடிச்சு உக்கார வெச்சேன். அப்புறம் யோவான் எழுதின பாடுகள், பத்து பொது மன்றாட்டு, சிலுவை முத்தி. ஒருசந்திய முடிஞ்சா சனி வரைக்கும் நீட்டலாம், கட்டாயமில்ல.

பெரிய சனி: பகல்ல ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணுமில்லாததத் தாங்கறது தான் அன்னைக்கு வேலை. சாயங்காலம் ஒரு மணி நேரம் கண்டிப்பா தூங்கிடுங்க, ராத்திரி முழிக்கணும்.

பாஸ்கா ராத்திரி: இருட்டின அப்புறம் தான் ஆரம்பிக்கும். வெளில புது நெருப்பு, அதுல இருந்து பாஸ்கா திரி, அந்த ஒரே திரில இருந்து கை மாறி மாறி எல்லார் மெழுகுவர்த்தியும். பழைய ஏற்பாட்டுல ஏழு வாசகம் இருக்கு, கொறச்சாலும் மூணுக்குக் கொறயாது, செங்கடல் கடக்கற யாத்திராகமம் 14 எப்பவுமே உண்டு. வாசகம் நீளுறப்போ நேரம் பாக்காதீங்க, படைப்புல இருந்து ஒரே கதையா கேளுங்க. அப்புறம் உன்னதங்களிலே, மணி, விளக்கு எல்லாம் திரும்ப வரும். நற்செய்திக்கு முன்னாடி அல்லேலூயா. 46 நாளா வாய்ல வராத வார்த்தை, முதல் தடவ பாடறப்போ தொண்டை கொஞ்சம் கரகரக்கும்.

அப்புறம் ஞானஸ்நானம். தண்ணி தெளிச்சு நாமளும் நம்ம ஞானஸ்நான வாக்குறுதியப் புதுப்பிக்கறோம். மொத்த தவக்காலமும் இந்த அஞ்சு நிமிஷத்துக்கான தயாரிப்பு தான், "விட்டுவிடுகிறீர்களா"ன்னு கேப்பாங்க, "விட்டுவிடுகிறோம்"னு சொல்லணும். எதை விடலாம்ன்ற நம்ம கேள்விக்கு நெசமான இடம் இது.

11. ஞாயிறுக்கு அப்புறம்

ஈஸ்டர் காலம் பெந்தகோஸ்து வரைக்கும் 50 நாள், தவக்காலத்த விட நீளம். அத யாரும் கண்டுக்கறதில்ல. விட்ட எல்லாத்தையும் திங்கக்கிழமையே வட்டியோட எடுத்துக்காதீங்க, வயிறும் ஒத்துக்காது. மூணு வரில முதல் வரிய மட்டும் வெச்சுக்கங்க, அந்த 15 நிமிஷம். மத்தது முடிஞ்சுது.

நோட்ட தூக்கிப் போடாதீங்க. கடைசிப் பக்கத்துல எந்த வாரம் சறுக்குச்சு, எது லேசா இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதி டப்பாக்குள்ள போட்டு மூடிடுங்க. குருத்து ஞாயிறு அன்னைக்கு வாங்கின ஓலைய குப்பைல போட வேணாம், சிலுவைப் படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிடுங்க. அடுத்த சாம்பல் புதனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கோயில்ல கேப்பாங்க, காஞ்சு மஞ்சளாகி இருக்கும், அப்படியே கொண்டு போய்க் குடுத்தா போதும்.